நீலக்கல், 1954 மாடல்

வங்கி அனுப்பித்தான் வந்தேன்.
கோத்தகிரிக்குக் கீழே, தொரெகாடு எஸ்டேட்,
பூட்டிய தேயிலை ஆலையின் பின்கொட்டகை.
படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
கடைசிக் கட்டம்: மதிப்பு.

தார்ப்பாயை இழுத்தபோது
முதலில் எலிப்புழுக்கை, பிறகு தேயிலைத் தூசு,
பிறகு கறுப்பு.
ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி சஃபையர்.
நீலமலைக்கு வந்த நீலக்கல்,
ஒரு சொட்டு நீலம் இல்லாமல்.

கவென்ட்ரியில் செய்தது.
விமான எஞ்சினும் காரும் ஒரே கம்பெனி,
ஒரே எண்ணெய் நாற்றம்.
ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த அதே வாரம்
போர் விமானங்களின் பெயரைச் சூட்டி
கார்களை அறிவித்தார்கள்:
ஹரிகேன், லங்காஸ்டர்.
குண்டு போட்டதன் பெயரில்
பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகலாம்.
சஃபையரும் அப்படித்தான்.
ஜெட் எஞ்சின் ஒன்றின் பெயர்.

இதில் கியர் போடும் விதத்தைச் சொல்ல வேண்டும்.
ஸ்டியரிங் தண்டில் சுண்டுவிரல் அளவு நெம்புகோல்.
அடுத்த கியர் எதுவென்று
முன்னமே சொல்லி வைத்துவிடலாம்.
வண்டி கேட்டுக்கொள்ளும், ஒன்றும் செய்யாது.
மிதியை அழுத்தினால்தான் மாறும்.
கொண்டை ஊசி வளைவு வருமுன்பே இரண்டாம் கியரைச் சொல்லிவிட்டு
இரண்டு கையும் சக்கரத்தில் இருக்க
மேட்டுப்பாளையம் வரை இறங்குவாராம் டிரைவர் ஜோகி,
பின்சீட்டில் துரை குறட்டை விட.

பானெட்டின் மூக்கில் வெறும் திருகுத் துளை.
ஸ்பிங்ஸ் இருந்த இடம்.
மனித முகம், சிங்க உடல்;
கோயில் தூணில் பார்த்திருப்பீர்கள்,
நம் புருஷாமிருகத்துக்குத் தூரத்துச் சொந்தம்.
அந்தச் சிலையைப்போல இந்த வண்டி வாய் திறக்காது என்று
யாரோ ஒரு பத்திரிகைக்காரர் எழுதப்போக
அதையே சின்னமாக்கிக்கொண்டார்களாம்.

'சின்னம்: இல்லை' என்று எழுதினேன்.
"இல்லைன்னு யாரு சொன்னது? எங்ககிட்ட இருக்கு" என்றார்
சாவி கொண்டுவந்த சவரியம்மா, சங்கச் செயலாளர்.
நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பணிக்கொடை பாக்கி.
ஆலையைப் பூட்டிய இரவில்
ஸ்பேனரோடு போனவர்களில் அவரும் ஒருவர்.
"திருடலைங்க. அடமானம்."

சங்க அறையில்
சந்தா நோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது,
மலைக்காற்றுக்குத் தாள் பறக்காமல்.
வாய் திறக்காமல்,
விளம்பரத்தில் சொன்னபடியே.

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில்
கார் போதும் என்று நிறுத்திவிட்டார்கள்.
எஞ்சின் பிரிவு இன்னொரு பெயரோடு ஒட்டியது,
அந்தப் பெயரை ரோல்ஸ் ராய்ஸ் விழுங்கியது.
பெரிய மீன், சின்ன மீன்.
அவர் சங்கிலிக்கறை படிந்த மூக்கைத் துடைத்தபடி கேட்டார்:
"அவங்களுக்குக் குடுத்தாங்களா?"
எதை?
"பாக்கியை."

தெரியவில்லை.
குதிரைசக்தியை எழுதி வைத்திருக்கிறார்கள்,
எத்தனை சிலிண்டர், என்ன தோல் இருக்கை,
மொத்தம் எத்தனை வண்டி என்றுகூட.
கடைசி வண்டியைத் தள்ளி வெளியே விட்ட கைகளில்
ஸ்பேனர் இருந்திருக்கும்.
யாராவது எதையாவது கழற்றினார்களா,
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கொட்டகைக்குத் திரும்பி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.
தோலுக்குள்ளிருந்து வைக்கோல்போல ஏதோ குத்தியது.
பேட்டரி செத்து எத்தனை காலமோ,
நெம்புகோலைத் தள்ளினேன்.
டக்.
கேட்டுக்கொண்டது.

பதினோராவது கட்டத்தில் தொகை எழுதவில்லை.
'வாகனத்தின் ஒரு பகுதி தொழிலாளர் வசம்.
பாக்கி தீராமல் பிரித்து ஏலம் விட இயலாது'
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மேலதிகாரி என்ன சொல்வார் என்பது
இந்த மலைக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

சொல்லி வைத்தாகிவிட்டது.
மிதி கீழே,
கோயம்புத்தூர் அலுவலகத்தில் இருக்கிறது.
பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.